வாள்–மந்திர வேட விளையாட்டு (பழைய பாணி)

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாளும் மந்திரமும் கலந்த சாகசக் கதையைப் பேசியே நடத்தும் பகடை ஆட்டம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் முன்னோடி; 1932இல் ராபர்ட் ஹோவர்டு படைத்த கோனன் கதைகளின் சாயல் அதில் உண்டு.

வேடமும் பகடையும் திருத்தணி வட்டாரத்துக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் விழாக் கூத்தில் தருமர் சூதாடித் தோற்பார், துரியோதனன் படுகளத்தில் விழுவான். கூத்தின் முடிவு ஊருக்கே தெரியும். இந்த ஆட்டத்திலோ கதையை நடத்தும் நடுவருக்கும் முடிவு தெரியாது.

மூன்று பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகைதான் பாத்திரத்தின் வலிமை, அறிவு எல்லாம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1981 பதிப்பில் புது மந்திரவாதிக்கு ஒரே மந்திரம். உடல்வலுவுக்கான கூடுதல் இல்லாவிட்டால் உயிர்ப்புள்ளி 4க்கு மேல் கிடையாது. தீப்பந்தம் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். புதையல்தான் அனுபவப் புள்ளிகளை அள்ளித் தரும். அரக்கனைக் கொன்றால் கிடைப்பது சொற்பம். எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்து ஓடவே பார்ப்பார்கள்.