திருச்சிராப்பள்ளியிற் பண்டார சுவாமிகள்

காவிரியின் தென்கரையிலே சிராமலையும், ஆற்றிடைக்குறையிலே திருவரங்கமும் திருவானைக்காவும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் பெருமை வாய்ந்தது திருச்சிராப்பள்ளி. ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் பாடியருளிய சிராப்பள்ளியையும் ஆனைக்காவையும் அறியாத சைவர் இலர். கிறித்து சமயத்தார் தம் சமயத்தைப் பிறர்க்கு உரைக்க முயன்ற வரலாற்றிலும் இந்நகர்க்குத் தனியிடம் உண்டு. அவ்வரலாறு நமக்கு எற்றுக்கெனின், அதன் பெரும்பகுதி நம் பண்டாரங்களின் கோலத்திலேயே நிகழ்ந்தது என்க. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய நாட்டுத் துறவி இராபர்ட்டு தெ நொபிலி, தமக்கு முன்னிருந்தார் பலகாலம் உழைத்தும் பயன்பெறாமையைக் கண்டார். கிறித்து நெறி புகுதல் 'பரங்கிக் குலம்' புகுதலென்றே அந்நாளில் மக்கள் கொண்டனர். ஊனும் கள்ளும் உண்பாரென இகழப்பட்ட பரங்கியர் கூட்டத்திற் சேர எவரும் உடன்பட்டிலர். நொபிலியார் இதனை உணர்ந்து, காவியுடுத்து, ஊனுணவு விலக்கி, அந்தணத் துறவி போல ஒழுகினார். தமிழும் வடமொழியும் பயின்று, கோயில், பூசை, அருள், குரு, வேதம் முதலிய நம் வழக்குச் சொற்களாலேயே தம் கொள்கையை எழுதினார். மறுபிறப்பினை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்றொரு நூலுஞ் செய்தார். 1623-இல் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றிற்கு உரோமாபுரியில் இசைவு கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் மதுரையினின்று வடக்கே புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இடங்களுக்குத் தம் பணியை விரித்தார்.

ஆயின் இம்முறையில் ஒரு பெருந்தடை இருந்தது. அந்தணக் கோலம் பூண்டவர் தாழ்த்தப்பட்டாருடன் வெளிப்படக் கலத்தல் இயலாது. கலப்பின் அக்கோலம் பயனற்றதாம். எல்லார்க்கும் பொதுவென்று கூறப்பட்ட நெறி, உரைப்பார் பூண்ட கோலத்தாலேயே சிலர்க்கு எட்டாதாயிற்று.

இத்தடையை நீக்குதற்கு 1640-இல் பல்தசார் தா கோஸ்தா என்னும் போர்த்துக்கேயத் துறவி கைக்கொண்டதே பண்டார சுவாமிக் கோலம். பண்டாரம் என்பது அந்தணரல்லாத சைவத் துறவியைக் குறிப்பது. திருமடத் தலைவர்களைப் பண்டார சந்நிதி என்று வழங்குதல் யாவரும் அறிந்ததே. பண்டாரங்கள் உயர்ந்தோர் முன்னும் செல்வர், கடையரெனப்பட்டாரையும் அணுகுவர். இவ்வியல்பை நோக்கியே அயல்நாட்டார் அக்கோலத்தை மேற்கொண்டனர். காலஞ்செல்ல அந்தணக் கோலத்தார் அருகிப் பண்டார சுவாமிகளே மிக்கனர். அவருள் ஒருவரே ஜான் தெ பிரிட்டோ. அருளானந்தர் எனத் தமிழ்ப் பெயர் பூண்ட இவர் 1693-இல் மறவர் நாட்டு ஓரியூரிற் கொலையுண்டார்.

அற்றேல், பிறர் வேடம் பூண்டு தம் சமயம் பரப்புதல் வஞ்சனையன்றோ எனின், இவ்வினா அவர்தம் சமயத்தார்க்குள்ளேயே எழுந்தது. 1704-இல் தூர்நோன் என்பார் இவ்வொழுக்கங்கள் பலவற்றை விலக்கினார். அவ்வழக்கு 1744-இற் பதினான்காம் பெனடிக்டு விடுத்த ஆணையோடே முடிந்தது. நாமோ மெய்ப்பொருணாயனார் வழியினேம். கொல்ல வந்தவன்மேலும் திருவேடங் கண்டு வணங்கினார் அவர். ஈண்டுக் கூறப்பட்டாரோ கொல்ல வந்தவரல்லர். அவருள் அருளானந்தர் தாமே கொலையுண்டார். ஆதலின் வேடம் பற்றிச் சினந்தொழிதல் நமக்கு அமையாது. அவ்வேடத்திற்கு உரியராகிய நம்மவர் செல்லாத தெருக்களிலே அதனை இரவல் வாங்கினோர் ஏன் சென்றனர் என்பதே நாம் வினவற்பாலது.

இனி, சென்ற பின்னும் சாதி அவர்களை விட்டிலது. சுவார்ட்ஸ் ஐயர் 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 1766-இல் கோட்டையிலே கிறித்து ஆலயத்தை அமைத்து, 1778-இல் தஞ்சைக்குப் பெயருங்காறும் கற்பித்தலும் உரைத்தலுமாய் வாழ்ந்தார். அவர் வழிவந்த சபைகளில் சாதிக்கேற்ற இருக்கையும் வரிசையும் நிலைத்தன. 1826-இல் இந்நகரிலே உயிர்நீத்த ஹீபர் பேராயர் அவ்வழக்கினை ஆராய்ந்துவந்தார். 1833-இல் வில்சன் பேராயர் அதனை முற்றும் விலக்குகவென ஆணையிட்டபோது, தஞ்சை, திருச்சிராப்பள்ளிச் சபைகளினின்று பலர் பிரிந்து சென்றனர். சமயம் மாறியும் சாதி மாறாமை இதனாற் பெறப்படும்.

பிறர் முயற்சி நமக்கு நன்மையும் செய்தது. யாழ்ப்பாணத்துப் பணிபுரிந்த ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கி 1854-இல் அமெரிக்கக் கீழ்த்திசைச் சங்க இதழில் வெளியிட்டார். 1864-இல் இத்திருச்சிராப்பள்ளியிலே பிறந்த ஜே. எம். நல்லசுவாமி பிள்ளையவர்கள் 1895-இல் தாமே அந்நூலை மொழிபெயர்த்தும், 1897-இல் சித்தாந்த தீபிகையைத் தொடங்கியும் சைவத்தின் உண்மையை உலகறியச் செய்தார்கள். அயலார் வினவியதனால் நம் பொருளை நாமே எடுத்துரைக்கக் கற்றோம் என்பது மிகையன்று.

ஆயின் நூலை எடுத்துரைத்தல் வேறு. மக்களை அணுகல் வேறு. திருவரங்கத்திலே காவிரிக்கரையில் நின்ற பாணரை முனிவர் தோள்மேற் சுமந்து புகுந்தாரென வைணவர் போற்றுவர். நாம் திருநாளைப்போவாரைப் போற்றுகிறோம். போற்றியும், திருக்கோயிற் கதவு எல்லார்க்கும் திறப்பதற்கு 1939-இலும் 1947-இலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. திருவானைக்காவிலே வெண்ணாவல் நிழலிற் பந்தரிட்ட சிலந்தியும் கோச்செங்கட்சோழராய்ப் பிறக்கும் பேறு பெற்றது. சிலந்தியின் தொண்டிற்கும் இரங்கிய பெருமானுக்கு ஆளாயினேம் என்னும் நாம், மக்களை விலக்கிவைத்த அந்நெடுங்காலத்திற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேம். அவ்விடை பிற சமயத்தாரை இகழ்தலால் வாராது. பண்டாரக் கோலம் எதற்கு ஏற்பட்டதோ அதனை நாமே செய்தலால் வரும்.