பெட்டிக்குள் அடங்காத பேச்சு

பக்க வடிவமைப்பை அழகியல் சமாச்சாரமாகவே பேசிப் பழகிவிட்டோம். எழுத்து எத்தனை புள்ளி, ஓரம் எவ்வளவு, படம் வலமா இடமா என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. ஒரு பிரதியில் எது தங்கலாம், எது வெளியேற வேண்டும் என்று பக்கமே தீர்மானித்துவிடுகிற தருணங்கள் உண்டு. எனக்கு இது உறைத்தது வடக்குப்பட்டை முன்னிட்டு.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். சுற்றிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்கருவிகளும், ரோமானிய மதுச்சாடிகளின் ஓட்டுத் துண்டுகளும் வெளிப்பட்டன. செய்தித்தாள்களில் ஊர்ப்பெயர் அடிபட்டது. காட்சித் தொடர்பியல் படிக்கும் நான்கு மாணவர்கள் தேர்வுக்காக ஒரு பதினாறு பக்க இதழ் தயாரிக்க வேண்டியிருந்தது. இந்த ஊரை எடுத்துக்கொண்டார்கள். மெய்ப்புப் பார்த்துத் தரச்சொல்லி என்னிடம் வந்தார்கள்.

அகழாய்வில் தினக்கூலிக்கு மண் சுமந்த ஓர் அம்மாவிடம் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசியிருந்தார்கள். அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் வைத்தார்கள், சல்லடையில் மண்ணைச் சலிக்கும்போது வெறும் கல்லையும் வேலை செய்த கல்லையும் கை எப்படிப் பிரித்துக் கண்டுகொண்டது, மகன் எந்தக் கம்பெனியில் ஒப்பந்தத்தில் நிற்கிறான்—எல்லாம் சேர்ந்து நோட்டில் ஒன்பது பக்கம். இதழிலோ ஒரு மஞ்சள் பெட்டிக்குள் மூன்று வரி. எதிர்ப்பக்கம் முழுக்க ஒரு கைக்கோடரியின் புகைப்படம்.

“மீதி எங்கேப்பா?”

“எடம் பத்தல சார். டெம்ப்ளேட்டுல அந்த பாக்ஸ் அவ்ளோதான்.”

இந்தப் பதிலில் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. அந்த வார்ப்புப் பக்கம் வந்தபோது காலியாக வரவில்லை. ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் குழம்பிய லத்தீன் அதில் நிரம்பியிருந்தது. சிசரோவின் நூலொன்றைச் சிதைத்துச் செய்த பொருளற்ற பத்தி அது. 1960களில் லெட்ராசெட் தாள்களிலும் 1980களில் பேஜ்மேக்கர் மென்பொருளிலும் ஏறி உலகம் சுற்றியது. பத்தியின் அகலம், வரியிடைவெளி எல்லாம் அதன் சின்னச் சொற்களுக்குத் தைத்த சட்டை. அதில் ‘தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுப் பாருங்கள், முக்கால் வரி போய்விடும். போதாததற்கு இன்டிசைனில் வழக்கமான வரியமைப்பு முறையிலேயே தமிழைக் கொட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இந்த மாதிரி மொழிகளுக்கென்று இருக்கும் வேறொரு வரியமைப்பைத் தேடிப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். மையத்தில் இருப்பவனுக்குத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

எழுத்து பெரிசு, இடம் சிறிசு என்ற சங்கடம் தமிழ் அச்சுக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அளவில் மிகப் பெரியவை. தாளோ கப்பலில் வந்தாக வேண்டும். புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் கோத்தால் தாள் கட்டுப்படியாகாது. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? பிரதியைக் கத்தரிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி வந்த உறைகளின் ஈயத்தை உருக்கி, அச்சுக்காரர் ஆட்லர் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பிறகு தாள் செய்யவும் அருகில் ஓர் ஆலை வைத்துப் பார்த்தார்கள்.

இதை ஒரு தொழில்நுட்ப சாகசமாகச் சொல்லிப் பூரிப்பது வழக்கம். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். வேதவசனத்தில் ஒரு சொல்லும் வெட்டத் தகாதது என்ற முடிவு முதலில் இருந்தது. அதன் பிறகு ஈயம் உருகியது. எந்தப் பிரதி வெட்டத் தகாதது, எது வெட்டத் தக்கது என்ற பாகுபாடு பக்கத்துக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. ‘இடம் பற்றவில்லை’ என்பது அந்த முடிவு பேசுகிற பாஷை. மண் சுமந்தவளின் பேச்சுக்காக யாரும் ஈயத்தை உருக்குவதில்லை.

சிறுபத்திரிகைகளின் பக்கத்தையும் இப்படிப் பார்க்கலாம். 1959இல் சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கினார். அதில் இடம்பெற்ற புதுக்கவிதைக்கு வரி எங்கே முறிகிறது என்பதே உயிர்நிலை. ஈய அச்சில் வெற்றிடம் சும்மா கிடைத்துவிடாது. கம்பாசிட்டர் எழுத்தில்லாத ஈயக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினால்தான் வரி பாதியில் நிற்கும், பக்கம் மூச்சு விடும். வெறுமைக்கும் எடை உண்டு, கூலி உண்டு. கசடதபற 1970இல் வந்தது. ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் தமிழ் எழுத்தின் வளைவையே சித்திரமாகக் கண்டார்கள். 1974இல் தொடங்கிய க்ரியா தாளையும் ஓரத்தையும் பிரதியின் பகுதியாக எண்ணியது. இவையெல்லாம் கௌரவமான வேலைகள்தான். ஆனால் அந்த வெற்றிடம் கவிஞனுக்கு வாய்த்தது. கூலிக்காரியின் பேச்சு அச்சேறினால் துணுக்காகவோ கட்டமாகவோ ஏறியது. (என் பழைய பத்திரிகை வேலைகளிலும் இதே கதை. பெட்டிச்செய்தி போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர்.)

மாணவர்களோடு மறுபடி உட்கார்ந்தோம். லத்தீன் பெட்டிகளை எல்லாம் அழித்துவிட்டு அந்த அம்மாவின் பேச்சை முதலில் கொட்டினோம், அது கேட்கிற இடத்தைப் பக்கம் கொடுக்கட்டும் என்று. குறுகிய மூன்று பத்தி ஓர் அகலப் பத்தியானது. இரு ஓரமும் நேராக வரவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும், சொற்களுக்கு நடுவே ஆறு மாதிரி ஓடிய வெள்ளை இடைவெளிகள் அடங்கின. ஈய அச்சில் நீளமான சொல்லைக் கோடு போடாமலே வரிக்கடைசியில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். புள்ளி வைத்த எழுத்தில் மட்டும் வரியைத் தொடங்கக்கூடாது. அதையும் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து பக்கம் வந்தது. கைக்கோடரி கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி ஓரத்துக்குப் போயிற்று. ஒரு பையனுக்கு மனசு ஆறவில்லை.

“சார், போட்டோ தான் சார் பக்கத்துக்கே கெத்து.”

“அந்தக் கல்லு ஆயிரக்கணக்கான வருஷம் காத்துச்சு. ஒரு பக்கம் காக்காதா?”

சிரித்தான், ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பக்கமும் நியாயம் உண்டு; அந்தப் படத்துக்காக வெயிலில் மூன்று முறை போய்வந்தவன் அவன். கல்லுக்கு அட்டையைத் தருவது என்று சமாதானம் ஆனோம். ‘மண் சுமந்த ஒருவர்’ என்று அவர்கள் வைத்திருந்த தலைப்பை எடுத்துவிட்டு அந்த அம்மா பேச்சைத் தொடங்கிய வாக்கியத்தையே தலைப்பாக்கியவன் அவன்தான். எனக்கு அது தோன்றவில்லை.

மதிப்பீட்டுக்கு வந்தவர் எழுத்து அதிகம், காட்சி குறைவு என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். மாணவர்கள் சொந்தக் காசில் நாற்பது பிரதி நகலெடுத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று எனக்கு வந்தது. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குகிறது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவன் நான்தான்.