மறைந்த படங்களும் மறவாத நெஞ்சங்களும்

ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை அறிந்த தமிழருக்கு, ஒரு நூல் எவ்வாறு மறைகிறது என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கரையான் அரிக்கும், நெருப்பு எரிக்கும், ஆற்று வெள்ளம் கொண்டுபோகும். இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அந்நூலைப் படிக்க வேண்டுமென்று கேட்பார் இல்லாமற் போவதே அது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசுவாமி முதலியார் உ. வே. சாமிநாதையரைக் கேட்டார். அந்த ஒரு கேள்வியின் பயனாக 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது. அதைத் தொடர்ந்து சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் உலகைக் கண்டன.

ஓலைச் சுவடிக்கு நேர்ந்த இந்நிலை, இருபதாம் நூற்றாண்டின் கலையாகிய திரைப்படத்துக்கும் நேர்ந்தது. பொருள் வளமும் தொழில் திறமும் ஒருங்கே நிறைந்த ஹாலிவுட்டிலேயே அது நேர்ந்தது என்பதுதான் வியப்பு. தாம் பிறப்பதற்கு முன் வெளியான அப்படங்களைத் தொலைக்காட்சியிலாவது ஒருமுறை கண்டுவிட மாட்டோமா என்று அமெரிக்க இரசிகர்கள் பல்லாண்டுகள் ஏங்கிக் கிடந்தனர். அந்த ஏக்கத்தின் வரலாறும், அது விளைத்த பயனும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

ஒரு வாரச் சரக்கு

தொடக்க காலத்தில் திரைப்படத்தைக் காத்துவைக்க வேண்டிய கலைப்பொருளாக அதை எடுத்தவர்களே கருதவில்லை. ஒரு படம் ஓர் ஊரில் சில நாட்கள் ஓடும். பிறகு அடுத்த ஊருக்குச் செல்லும். ஊர்கள் தீர்ந்தபின் அதற்கு வேலையில்லை. 1927ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாகிப் பேசும் படங்களின் காலம் பிறந்ததும், அதற்கு முந்திய மௌனப் படங்கள் அனைத்தும் பழஞ்சரக்காயின. கிடங்கில் இடம் அடைக்கின்றன என்று சிலவற்றை அழித்தார்கள். படச்சுருளில் கலந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகச் சிலவற்றை எரித்தார்கள்.

எஞ்சியவற்றுக்கு அவற்றின் உடலே பகையாயிற்று. அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றிய பின் நீரினாலும் அணையாது. தீப்பற்றாமல் தப்பினாலும், நாளடைவில் இளகி, ஒட்டிக்கொண்டு, முடிவில் பொடியாகிவிடும். 1937ஆம் ஆண்டு ஜூலையில் நியூஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபெர்ரி என்னும் ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் படக்கிடங்கு தீப்பற்றியது. சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அந்நிறுவனம் அதுவரை எடுத்திருந்த மௌனப் படங்களுள் பெரும்பாலானவை அன்றே சாம்பலாயின. ஒரு காலத்தில் அமெரிக்காவையே மயக்கிய தீடா பாரா என்னும் நடிகை சுமார் 40 படங்களில் நடித்தவர். அவற்றுள் முழுமையாக இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத் தக்கவையே. 1965ஆம் ஆண்டில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கிடங்கிலும் தீ புகுந்தது.

அழிவின் அளவை 2013ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் 10,919. அவற்றுள் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 1,575. அதாவது நூற்றுக்குப் பதினான்கு. வெளிநாட்டுப் பிரதிகளாகவோ, சிறிய அளவுச் சுருள்களாகவோ மேலும் நூற்றுக்குப் பதினொன்று கிடைக்கின்றன.

பகைவன் தந்த புகலிடம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்தபோது, ஹாலிவுட் அதனைத் தன் பகைவனாகவே கண்டது. கொட்டகைக்கு வருவோரின் எண்ணிக்கை குறையக் குறையப் பகை வளர்ந்தது. பழைய படங்களைத் தொலைக்காட்சிக்குத் தருவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் முதலில் உறுதியாக நின்றன. 1950களின் நடுவில் அவ்வுறுதி தளர்ந்தது. கிடங்கில் தூங்கும் படங்களும் காசாகும் என்பதை அவை உணர்ந்தன.

முதலில் கைமாறியவை ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் படங்கள். 1955ஆம் ஆண்டின் இறுதியில், எழுநூற்றுக்கும் மேற்பட்ட அப்படங்களின் தொலைக்காட்சி உரிமையைச் சுமார் 1½ கோடி டாலருக்கு வாங்கிய நிறுவனம், குளிர்பானம் விற்றுவந்த குழுமம் ஒன்றைச் சார்ந்ததாகும். 1956இல் வார்னர் நிறுவனத்தின் பழைய படங்கள் 2 கோடியே 10 இலட்சம் டாலருக்கு விலைபோயின. 1958இல் பாரமவுண்ட் நிறுவனத்தின் பழைய பேசும் படங்கள் ஏறத்தாழ 700, எம்.சி.ஏ. நிறுவனத்திடம் 5 கோடி டாலருக்குச் சென்றன.

இவ்வாறு, கொட்டகைகள் கைவிட்ட படங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. 1933ஆம் ஆண்டின் 'கிங்காங்' படத்தை 1956இல் நியூயார்க் நிலையம் ஒன்று ஒரே வாரத்தில் பலமுறை ஒளிபரப்பியது. நள்ளிரவுக்குப் பின்னும், பிற்பகல் வேளையிலும் காட்டப்பட்ட பழைய படங்களைக் கண்டு ஒரு தலைமுறையே இரசிகர்களாக வளர்ந்தது. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்தது முழு உணவன்று. விளம்பரங்களுக்கு இடம் வேண்டிக் காட்சிகள் வெட்டப்பட்டன. 1960களில் வண்ணத் தொலைக்காட்சி பரவியபின், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இருந்த மதிப்பும் குறைந்தது.

காட்டப்படாத படங்கள்

நிலையங்கள் திரும்பத் திரும்பக் காட்டியவை புகழ்பெற்ற சில படங்களே. நூலில் படித்தும், பழைய இதழ்களில் நிழற்படம் கண்டும் இரசிகர்கள் ஆவலுற்ற வேறு பல படங்கள் தொலைக்காட்சியை எட்டவேயில்லை. அதற்குக் காரணங்கள் பல.

மௌனப் படங்களுக்குத் தக்க இசையும், தக்க வேகமும் வேண்டும். அக்காலப் படங்கள் பல, பேசும் படத்தைவிடக் குறைந்த வேகத்தில் பிடிக்கப்பட்டவை. அவற்றைப் பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால், மாந்தர்கள் பொம்மைகளைப் போலத் துள்ளுவார்கள். காதலும் கண்ணீரும் கேலிக்கூத்தாகிவிடும். 1960இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'சைலன்ட்ஸ் ப்ளீஸ்' என்னும் தொடர், முழுநீளப் படங்களை அரைமணி நேரத்துக்குள் சுருக்கியே காட்டியது. 1971இல் ஆர்சன் வெல்ஸ் அறிமுகவுரை வழங்க, 'தி சைலன்ட் இயர்ஸ்' என்னும் தொடர் மௌனப் படங்களை முழுமையாகக் காட்டியது. 1980இல் கெவின் பிரௌன்லோவும் டேவிட் கில்லும் பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சிக்காக 'ஹாலிவுட்' என்னும் 13 பகுதித் தொடரை உருவாக்கினர். மௌனப் படங்கள் எத்துணை அழகியவை என்பதை நல்ல பிரதிகளின் வாயிலாகப் பொதுமக்கள் அப்போது கண்டுகொண்டனர்.

தணிக்கை இரண்டாவது காரணம். 1930இல் வகுக்கப்பட்ட ஒழுக்க நெறிமுறைகள் 1934ஆம் ஆண்டு ஜூலை முதல் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டன. அதற்கு முன் வெளியான பேசும் படங்களை மறுபடியும் வெளியிட விரும்பினால், புதிய நெறிக்கு ஒவ்வாத காட்சிகளை வெட்டவேண்டும். 'கிங்காங்' 1938இல் மறுபடி வெளியானபோது இவ்வாறு வெட்டுப்பட்டது. நீக்கப்பட்ட காட்சிகள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தன. பார்பரா ஸ்டான்விக் நடித்த 'பேபி ஃபேஸ்' 1933இல் வெளியாவதற்கு முன்பே தணிக்கையாளர்களால் திருத்தப்பட்டது. திருத்தப்படாத வடிவம் 2004ஆம் ஆண்டில் காங்கிரஸ் நூலகத்தின் சேமிப்பில் கண்டெடுக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளாக மக்கள் கண்டது ஆசிரியர் எழுதிய பாடமன்று, இடைச்செருகலுற்ற பாடம் என்பது அன்று விளங்கிற்று.

மூன்றாவது காரணம் சட்டம். ஜோன் கிராஃபோர்ட் நடித்த 'லெட்டி லின்டன்' 1932இல் வெளியாகி வெற்றி கண்ட படம். ஒரு நாடகத்திலிருந்து உரிமையின்றி எடுத்தாளப்பட்டது என்ற வழக்கில் 1936ஆம் ஆண்டில் தீர்ப்பு எதிராக அமையவே, அப்படம் திரையிலிருந்து விலக்கப்பட்டது. படம் அழியவில்லை, கிடங்கில் இருந்தது. எனினும் பல பத்தாண்டுகள் இரசிகர்களுக்கு அது இல்லாத படமாகவே இருந்தது.

ஆறு படங்களின் கதை

'கிங்காங்' படத்தை இயக்கிய இருவருள் ஒருவரான மெரியன் கூப்பர், 1930களில் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் தயாரிப்பாளராகவும் விளங்கினார். ஒப்பந்தப்படி தமக்குரிய பணம் முழுவதும் தரப்படவில்லை என்று அவர் முறையிட்டார். 1946ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆறு படங்களின் உரிமை அவருக்குக் கிடைத்தது. 1933ஆம் ஆண்டின் 'ராஃப்டர் ரொமான்ஸ்', 'டபுள் ஹார்னஸ்', 'தி ரைட் டு ரொமான்ஸ்', 'ஒன் மேன்ஸ் ஜர்னி' என்னும் நான்கும், 1937ஆம் ஆண்டின் 'லிவிங் ஆன் லவ்', 1938ஆம் ஆண்டின் 'எ மேன் டு ரிமெம்பர்' ஆகிய இரண்டுமே அவை.

ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் பிற படங்கள் தொலைக்காட்சிக்குச் சென்றபோது, இந்த ஆறும் அத்தொகுதியில் சேரவில்லை. 1955, 1956 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் மட்டும் சிறிது காலம் காட்டப்பட்டன, அதன்பின் மறைந்தன. ஜிஞ்சர் ரோஜர்ஸ், வில்லியம் பவல், லயனல் பாரிமோர் போன்ற பெரும் புகழினர் நடித்தும் அப்படங்களைக் கண்டவர் அரியராயினர்.

பழைய படங்களை விளம்பர இடையீடின்றிக் காட்டுவதற்கென்றே 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கப்பட்ட டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசை, நெடிய சட்டப் பேச்சுக்குப் பின் இவ்வாறு படங்களின் உரிமையைப் பெற்றது. நல்ல பிரதிகளைத் தேடிப் பல நாடுகளின் ஆவணக் காப்பகங்கள் அலசப்பட்டன. 'எ மேன் டு ரிமெம்பர்' படத்துக்கு நெதர்லாந்தில், டச்சு மொழி எழுத்துகள் பதிக்கப்பட்ட ஒரு பிரதியே கிடைத்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆறு படங்களும் அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாயின. இளமையில் அவற்றின் பெயரை மட்டும் கேட்டறிந்தவர்கள், முதுமையில் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அவற்றைக் கண்டனர்.

இரசிகர் ஆற்றிய பணி

காத்திருந்ததோடு இரசிகர்கள் அமைந்துவிடவில்லை. தொடக்க காலப் பேசும் படங்கள் சிலவற்றில் ஒலி படச்சுருளில் இராது. 16 அங்குல இசைத்தட்டில் தனியே இருக்கும். வைட்டஃபோன் என்பது அம்முறையின் பெயர். இருபது முறை ஓட்டிய பின் தட்டை விலக்கிவிட வேண்டும் என்பது விதி. காலப்போக்கில் படம் ஓரிடமும் தட்டு வேறிடமுமாகப் பிரிந்தன. காப்பகத்தில் வாயசையும், ஒலி வராது. பழந்தட்டு சேர்ப்போரிடம் ஒலி வரும், உருவம் தெரியாது.

1991ஆம் ஆண்டில் இசைத்தட்டு சேர்க்கும் அன்பர்கள் சிலர் கூடி, வைட்டஃபோன் திட்டம் என்னும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். எவரிடம் எந்தத் தட்டு உள்ளது என்று விசாரித்துப் பட்டியலிட்டு, அதற்குரிய படச்சுருள் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்று தேடிப் பொருத்தினர். ஆயிரக்கணக்கான தட்டுகள் இவ்வாறு கண்டறியப்பட்டன. ஊமையாய்க் கிடந்த படங்கள் பல மறுபடியும் வாய்திறந்து பாடின. சுவடிக்குச் சுவடி ஒப்புநோக்கிப் பாடம் கண்ட நம் பதிப்பாசிரியர்களின் உழைப்புக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழரின் நெஞ்சில் நம் படங்களைப் பற்றிய நினைவு எழாமலிராது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்னும் மௌனப் படம் இன்று இல்லை. எச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்து, 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியான 'காளிதாஸ்' படத்தின் பிரதியும் இல்லை. தமிழ் முதன்முதலாகத் திரையில் பேசிய குரலை நாம் கேட்க வழியில்லை. 1964ஆம் ஆண்டில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டு, பி.கே. நாயர் போன்றோர் ஊர் ஊராகத் தேடத் தொடங்குமுன் பல படங்கள் அழிந்துவிட்டன.

தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இந்த ஏக்கம் புதியதன்று. 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்களை முறைவைத்துக் காட்டிவந்தபோது, தமிழின் முறை எப்போது வரும் என்று தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தமிழ்க் குடும்பங்கள் நாளெண்ணிக் காத்திருந்தன. ஒரு படத்துக்காகக் காத்திருப்பதன் பொருளை அவர்கள் நன்கறிவர்.

அமெரிக்க இரசிகரின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுதான்: எந்தப் படத்தைக் காணவேண்டுமென்று ஒருவரேனும் விடாது கேட்கிறாரோ, அந்தப் படத்துக்கு மீட்சி உண்டு. எரிந்துபோனவற்றை எந்த ஏக்கமும் மீட்காது. ஆயின், எங்கோ ஒரு கிடங்கிலோ, அயல்நாட்டுக் காப்பகத்திலோ, ஓய்ந்துபோன கொட்டகையின் மூலையிலோ கிடப்பவை இன்னும் உள்ளன. பெற்றோரும் பாட்டன்மாரும் கண்ட படங்களின் பெயர்களை இளைஞர்கள் கேட்டறிந்து எழுதிவைக்கலாம். அன்று வாங்கிய பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விளம்பரத் தாள்களையும் பரணில் கிடக்கும் குப்பை என்று எறியாமல் காக்கலாம். சங்கங்கள் அவற்றைத் திரட்டிப் பட்டியலிடலாம். கும்பகோணத்தில் கேட்கப்பட்ட கேள்வி ஒரு காப்பியத்தைத் தந்தது. நாம் கேட்கவேண்டிய கேள்விகளும் உள்ளன. அவற்றுக்கு விடை சொல்லக் கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.