எடிசன் கேட்ட கேள்விகளும் நான் போன இண்டர்வியூவும்

போன மாதம் எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனி கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வந்தது. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஃபைனல் அக்கவுண்ட்ஸிலிருந்து பாங்க் ரீகன்சிலியேஷன் வரை விடிய விடியப் படித்துவிட்டுப் போனேன். உள்ளே கேட்டது என்ன தெரியுமா? "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?", "நீங்க ஒரு மிருகம்னா எந்த மிருகம்?", "அப்பா என்ன பண்றார்?". அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்றேன். பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டார்கள். ஒரு ஜர்னல் என்ட்ரி கூடக் கேட்கவில்லை!

வெளியே வந்து புலம்பினால் சீனியர் ஒருவர், "எடிசன் காலத்துலேர்ந்தே இப்படித்தான்டா" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன். உண்மைதான்!

பல்பு புகழ் தாமஸ் எடிசன், தன் நிறுவனத்துக்கு வேலை தேடி வந்த பட்டதாரிகளுக்கு ஒரு தேர்வு வைத்தார். சுமார் 150 கேள்விகள். வோல்கா நதி எங்கே ஓடுகிறது? லியோனிடஸ் யார்? ஆஸ்திரேலியா பெரிதா, கிரீன்லாந்து பெரிதா? பெரும்பாலானவர்கள் தேறவில்லை. கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எடிசன் அலுத்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடம் போனதே சில மாதங்கள்தான்! 1921 மே மாதம் கேள்விகள் பத்திரிகையில் கசிந்து நாடே சிரித்தது. அந்த மாதம் பாஸ்டனுக்கு வந்த ஐன்ஸ்டீனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதை நான் மனதில் சுமப்பதில்லை என்றார். ஐன்ஸ்டீனே ஃபெயில்!

எடிசன் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நிர்வாகிக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும், இல்லாவிட்டால் சட்டென்று முடிவெடுக்க முடியாது என்பது அவர் வாதம். சரி, ஆனால் அதற்கு லியோனிடஸ் எதற்கு?

டெட்ராய்ட்டில் எடிசன் பெயர் கொண்ட மின்சாரக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து, பின்னாளில் அவருக்கு நெருங்கிய நண்பரானவர் ஹென்றி ஃபோர்டு. அவருடைய கேள்விகள் வேறு ரகம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் லேபர் டர்ன்ஓவர் கணக்குப் போடுவோமே, 1913-ல் ஃபோர்டு ஆலையில் அது 370 சதவீதம்! சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு அந்த ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் எடுத்தார்கள். அவ்வளவு பேர் ஓடிப்போனார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். உலகமே பாராட்டியது. ஆனால் அதில் ஏறத்தாழ பாதி 'லாபப் பங்கு'. அது கிடைக்க வேண்டுமென்றால் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். குடிப்பாயா? எவ்வளவு சேமிக்கிறாய்? வீடு சுத்தமாக இருக்கிறதா? பதில் பிடிக்காவிட்டால் லாபப் பங்கு நிற்கும். திருந்தாவிட்டால் வேலையும் போகும்.

'இதெல்லாம் வேலைக்குத் தேவையா?' என்று கோர்ட்டில் கேட்டவர்கள், வட கரோலினாவில் டியூக் பவர் மின்நிலையத்தில் வேலை பார்த்த 13 கறுப்பினத் தொழிலாளர்கள். அங்கே அவர்களுக்குக் கூலிப் பிரிவு மட்டும்தான். மற்ற பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளம்கூட அவர்களுடைய அதிகபட்சத்தைவிட அதிகம். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புதிதாகத் திறனறித் தேர்வுகளைக் கொண்டுவந்தது! ஆனால் எந்தத் தேர்வும் எழுதாத பழைய வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் அதே வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: ஒரு தேர்வு ஒரு பிரிவினரை வெளியே நிறுத்துகிறது என்றால், அது அந்த வேலைக்குச் சம்பந்தமானது என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது.

படித்ததும் எனக்கு மூட்டைதான் ஞாபகம் வந்தது. செலக்ட் ஆனவர்கள் லிஸ்டில் என் பெயர் இல்லை. காரணம் என் பதிலா, அப்பாவின் வேலையா என்று யாரும் சொல்லப்போவதில்லை. அடுத்த முறை அதே கேள்வி வந்தால், "இந்த வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் சார்?" என்று கேட்க ஆசை. வேலை தேவைப்படுகிறவனுக்கு அந்தத் தைரியம் வருமா என்பதுதான் சந்தேகம்.

நீங்களாக இருந்தால் கேட்பீர்களா?