சிறு நுணுக்கமும் சரித்திர உண்மையும்

அகத்தியமலைச் சாரலில் உள்ள அம்பூரிக்கும், பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களுக்கும் ஒரு சிறு கோட்டின் மதிப்பு நன்கு தெரியும். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் மயிரிழையாகத் தோன்றும் அக்கோடு இவ்வூர்த் தமிழரை வேற்று மாநிலத்தவராக்கிற்று. சிறியதென்று எதையும் தள்ளலாகாது என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அந்நினைவோடு, ஜெர்மானிய டாங்கிகளின் மாதிரிகளைச் செய்யும் கலையைச் சற்றே நோக்குவோம்.

1960களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டுத் தாமியா நிறுவனம் ‘பாந்தர்’ டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. உள்ளே மின்கலங்கள் அடங்கவேண்டும் என்பதைக் கருதியே அதன் அளவு வகுக்கப்பட்டது. பின்னர் அளந்து நோக்க, அது உண்மை டாங்கியில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. அந்த அளவே நாளடைவில் உலகெங்கும் வழக்கமாயிற்று. இதன்படி, 3.7 மீட்டர் அகலமுள்ள ‘டைகர்’ டாங்கி பத்தரைச் சென்டிமீட்டராகச் சுருங்கும். மாதிரியில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால் உண்மையில் 35 மில்லிமீட்டர் பிழைத்ததாகும்.

ஆயினும் அளவினும் அரியது காலம். பகைவர் காந்தக் கண்ணிகளை ஒட்டிவிடுவர் என்றஞ்சிய ஜெர்மானியர், ‘சிம்மரிட்’ என்னும் பசையை டாங்கிகளின்மேல் வரிவரியாகப் பூசினர். தொழிற்சாலைகளில் இவ்வழக்கம் 1943 செப்டம்பர் வாக்கில் தொடங்கி, மறு ஆண்டு செப்டம்பரில் நின்றது. டைகர் டாங்கியின் ரப்பர் விளிம்புச் சக்கரங்களும் 1944 தொடக்கத்தில் எஃகு விளிம்புச் சக்கரங்களாக மாறின. ஆகவே, 1943 மே மாதத்து டுனீசியப் போரைக் காட்டும் மாதிரியில் பசையின் வரிகளைக் கீறுவோமாயின், கை எத்துணைத் தேர்ந்ததாயினும் சரித்திரம் பொய்யாகிவிடும்.

டுனீசியா நமக்கு அயலான களமன்று. 1943 மே 12ஆம் நாள் ஜெர்மானியத் தளபதி ஆர்னிம் சரணடைந்தது நான்காம் இந்தியப் படைப்பிரிவினரிடமே. அடுத்த ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த தமிழரான சுபேதார் சுப்பிரமணியம், தம் தோழர்களைக் காக்கும்பொருட்டு வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலையே கிடத்தி உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவர் போன்றோர் எதிர்நின்ற படையின் கருவிகளைப் பிழையின்றிக் காட்டுவது வெறும் பொம்மை விளையாட்டாகுமோ?

வேற்று மாநிலங்களில் வாழும் அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒரு டாங்கி மாதிரியைச் செய்ய அமர்ந்தால், ‘இது எந்த ஆண்டு, எந்தக் களம்?’ என்று முதலிற் கேளுங்கள். விடை கிடைத்தபின் வண்ணம் தீட்டட்டும். கூடவே, உங்கள் வீட்டுச் சுவரிலோ பெட்டியிலோ போருக்குச் சென்ற முன்னோர் ஒருவரின் படம் இருக்குமாயின், அவர் பெயரையும் படையையும் ஊரையும் ஆண்டையும் அதன் பின்புறம் இன்றே எழுதிவையுங்கள். டாங்கியின் வரிகளை ஆராய்ந்து சொல்ல உலகில் பலர் உளர். அவரைப் பற்றிச் சொல்ல நம்மை விட்டால் யார் உளர்?