அச்சமும் சர்க்கரையும்



நீரிழிவு உடையவர் இனிப்பு உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இனிப்பு நாவிலே படாத நாளிலும் சர்க்கரை ஏறுவதுண்டு. அச்சமும் கவலையும் அதனை ஏற்ற வல்லவை. இவ்வுண்மையை மருத்துவ உலகம் எவ்வாறு படிப்படியாகக் கண்டது என்பதை இன்று காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். நீரிழிவு நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை எடுத்துரைத்தவர் அவர். 1674-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அந்நோயின் காரணங்களைக் கூறுமிடத்து, மிதமிஞ்சிய குடியோடு நெடுநாள் துயரத்தையும் சேர்த்துரைத்தார். அது அனுபவத்தில் பிறந்த ஊகமே. சோதனையால் நிறுவிய முடிவு அன்று. துயரம் உள்ளத்தில் இருப்பது. சர்க்கரை உடலில் இருப்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி எது?

அவ்வழியின் முதற் பகுதியைக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு. 1849-இல் அவர் ஒரு முயலின் மூளையின் அடிப்பகுதியில் குறிப்பிட்ட ஓரிடத்தை ஊசியால் குத்தினார். பின்னர் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது. உடலின் சர்க்கரையை நரம்பு மண்டலமும் ஆள்கிறது என்பது இதனால் விளங்கிற்று. கல்லீரலே சர்க்கரையின் களஞ்சியம் என்பதையும் அவர் கண்டார். குதிரில் நெல்லைச் சேர்ப்பதுபோல் கல்லீரல் சேர்த்து வைக்கும் கிளைக்கோஜன் என்னும் பொருளை 1857-இல் பிரித்தெடுத்தார்.

எஞ்சிய வழியைக் காட்டியவர், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்ட்டர் கேனன். 1911-இல் அவரும் அவர் துணைவரும் பூனைகளை ஆராய்ந்தனர். கூண்டில் இருந்த பூனையின் முன்னே ஒரு நாய் துள்ளிக் குரைத்தது. நாய் பூனையைத் தொடவில்லை. ஆயினும் பூனையின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனைகளிடம் அச்சம் இருந்தது, சர்க்கரை வரவில்லை.

பூனைக்கு உரியது மனிதனுக்கும் உரியதா என்று நீங்கள் கேட்கலாம். கேனன் தம் நூலில் தரும் சான்று உங்களைப் போன்ற மாணவர்களைப் பற்றியது. நோயற்ற ஒன்பது மருத்துவ மாணவர்களின் சிறுநீரைச் சோதித்தனர். கடினமான தேர்வு ஒன்றை எழுதியபின் நால்வரிடம் சர்க்கரை காணப்பட்டது. எளிய தேர்வுக்குப்பின் ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டது. வினாத்தாளும் கல்லீரலைக் கலக்கும் போலும்!

இதன் காரணம் என்ன? ஆபத்து நேர்ந்தால் எதிர்த்துப் போராட வேண்டும். அல்லது ஓடித் தப்ப வேண்டும். இரண்டிற்கும் தசைகளுக்கு எரிபொருள் வேண்டும். ஆகவே நரம்பின் ஏவலால் அட்ரினலின் சுரக்கிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பும் துணை நிற்கிறது. கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து விடுகிறது. நலமுடையவர் உடலில் கணையம் இன்சுலினைச் சுரந்து, மிகுந்த சர்க்கரையை விரைவில் அடக்கிவிடும். நீரிழிவு உடையவரிடமோ இன்சுலின் போதாது, அல்லது அதற்கு உடல் செவ்வனே இணங்காது. ஆதலால் வெள்ளம் வடிய நெடுநேரம் ஆகிறது. காய்ச்சலும் அறுவை மருத்துவமும் இவ்வாறே சர்க்கரையை உயர்த்தும்.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922-இல் அது நோயாளிகளின் உயிரைக் காக்கத் தொடங்கியது. ஆயினும் ஊசியின் அளவு வகுத்தபடி இருக்க, கவலையின் அளவோ நாளுக்கு நாள் மாறுகிறதே!

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் பயின்றான். பொதுத் தேர்வு நாட்களில் அவன் சர்க்கரை மிகுந்தது. “திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றிருப்பான்” என்றனர் சுற்றத்தார். அவன் தின்னவில்லை என்று கண்ணீரோடு சொன்னான், எவரும் நம்பவில்லை. அப்பழியால் அவன் அச்சம் இரு மடங்காயிற்று. மருத்துவர் எடுத்துரைத்த பின்னரே வீட்டார் தெளிந்தனர்.

ஒன்றை மறவாதீர்கள். மன அழுத்தம் எல்லோரிடமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. சிலருக்குச் சர்க்கரை இறங்குவதும் உண்டு. சர்க்கரை மிகக் குறைந்தாலும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். அச்சத்தின் அடையாளங்களும் அவையே. ஆகவே ஊகித்துப் பயனில்லை. சோதித்தே அறிதல் வேண்டும். மன அமைதி மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அன்று.

உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ நீரிழிவு உடையவர் இருப்பின், சர்க்கரை ஏறிய நாளில் “என்ன தின்றாய்?” என்று அதட்டாதீர்கள். “உடம்புக்கு என்ன? மனத்தில் ஏதேனும் கவலையா?” என்று பரிவோடு கேளுங்கள். அக்கேள்விக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு மருத்துவ வரலாறு துணை நிற்கிறது.