உபநிடதப் பிரம்மயோகி

உபநிடதப் பிரம்மயோகி அல்லது உபநிடதப் பிரம்மேந்திரர் என்பவர் 18 ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த அத்துவைதத் துறவியும் வடமொழி உரையாசிரியரும் ஆவார். இவரது துறவறப் பெயர் இராமச்சந்திரேந்திர சரசுவதி என்பதாகும். முத்திகோபநிடதம் பட்டியலிடும் 108 உபநிடதங்கள் அனைத்திற்கும் உரை எழுதியமையால் இவருக்கு இச்சிறப்புப் பெயர் வழங்கலாயிற்று. இவற்றுள் யோகத்தைப் பொருளாகக் கொண்ட 20 உபநிடதங்களுக்கு இவர் எழுதிய உரைகள், யோகப் பயிற்சிக்கும் வேதாந்த மெய்யியலுக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோருக்கு இன்றியமையாதவை.

வாழ்க்கை

இவரது ஆசிரியர் வாசுதேவேந்திரர் எனப்படும் துறவி. உரைகளின் இறுதியில் வரும் முடிப்புரைகளில் இவர் தம்மை வாசுதேவேந்திரரின் மாணவர் என்றே குறிப்பிடுகிறார். காஞ்சிபுரத்தில் இவரது பெயரால் அமைந்த மடம் உபநிடதப் பிரம்மேந்திரர் மடம் என அழைக்கப்படுகிறது.

இராமபத்தியில் ஈடுபாடு கொண்ட இவர், இறைவனின் பெயரை ஓதுவதை முதன்மையான சாதனமாகக் கொள்ளும் நாம சித்தாந்த மரபிலும் வைத்து எண்ணப்படுகிறார். கருநாடக இசை மேதை தியாகராசரின் (1767–1847) தந்தையார் இவருடைய நண்பர் என்றும், அத்தொடர்பினால் இவர் தியாகராசரைக் காஞ்சிக்கு அழைத்து மடல் அனுப்பினார் என்றும் மரபுவழிச் செய்தி உண்டு. தியாகராசர் காமாட்சியம்மன் மீதும் வரதராசப் பெருமாள் மீதும் கீர்த்தனைகள் இயற்றியுள்ளார்.

108 உபநிடதங்களும் உரையும்

ஆதிசங்கரர் முதலான முற்கால உரையாசிரியர்கள் பெரும்பாலும் பத்து முதன்மை உபநிடதங்களுக்கும் அவற்றை ஒட்டிய சிலவற்றுக்குமே உரை எழுதினர். எஞ்சியவை சிற்றுபநிடதங்கள் எனப்பட்டு, பலவும் உரையின்றியே கிடந்தன. 108 உபநிடதங்களின் பட்டியல், இராமன் அனுமனுக்கு உபதேசிப்பதாக அமைந்த முத்திகோபநிடதத்தில் உள்ளது. வீடுபேற்றுக்கு மாண்டூக்கியம் ஒன்றே போதும், அதனால் ஞானம் கைகூடாதவர் பத்தையும், அதனாலும் கைகூடாதவர் 32 ஐயும், பின்னர் 108 ஐயும் கற்க வேண்டும் என அந்நூல் படிமுறை வகுக்கிறது.

இவற்றுள் சைவ, வைணவ, சாக்த உபநிடதங்களும் துறவு பற்றியவையும் அடங்கும். சிவகாஞ்சி, விட்டுணுகாஞ்சி என்னும் இரு பகுதிகளையும் நடுவே காமாட்சி கோயிலையும் கொண்ட நகரில் இருந்துகொண்டு, இவையனைத்துக்கும் ஒரே மெய்யியல் நோக்கில் இவர் உரை கண்டார். அவ்வுரை விவரணம் எனப்படும். எதிர்நிலையான பிறிதொன்று இன்றிப் பிரமம் மட்டுமே உள்ளது என்னும் கருத்தைக் குறிக்கும் "நிஷ்பிரதியோகிக பிரம்ம மாத்திரம்" என்ற தொடர் இவரது உரைகளில் அடிக்கடி வருவதாகும்.

யோக உபநிடதங்கள்

யோகத்தின் அடிப்படை நூலாகிய பதஞ்சலியின் யோக சூத்திரம் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டு உறுப்புகளைக் கூறுகிறது. அதில் ஆசனத்திற்கு மூன்று சூத்திரங்களே உள்ளன. குறிப்பிட்ட ஆசனங்களின் பெயர்களோ முத்திரை, பந்தம், குண்டலினி ஆகியவற்றின் விளக்கமோ சூத்திரங்களில் இல்லை. யோக உபநிடதங்களோ இவற்றை விரிவாகப் பேசுகின்றன.

சாண்டில்ய உபநிடதம் பதஞ்சலி கூறும் ஐந்து இயமங்களைப் பத்தாகவும் ஐந்து நியமங்களைப் பத்தாகவும் விரிக்கிறது. கொல்லாமை, வாய்மை முதலியவற்றுடன் இரக்கம், பொறுமை, அளவான உணவு ஆகியனவும் இயமத்தில் சேர்கின்றன. அது கூறும் ஆசனங்கள் எட்டு. மாறாக, அமிர்தநாத உபநிடதம் ஆறு உறுப்புகளையே கொள்கிறது; அவற்றுள் இயமம், நியமம், ஆசனம் இல்லை, அவற்றுக்குப் பதிலாகத் தருக்கம் ஓர் உறுப்பாக உள்ளது. தேசோபிந்து உபநிடதம் பதினைந்து உறுப்புகளைக் கூறுகிறது. எனவே "எட்டு உறுப்பு யோகம்" என்பது இந்து மரபில் பெரும்பான்மை வழக்கே அன்றி ஒரே வழக்கு அன்று.

பயிற்சி முறை

யோகதத்துவ உபநிடதம் பயிற்சியை மிக நுணுக்கமாக விவரிக்கிறது. அதன் முதன்மைச் செய்திகள் பின்வருமாறு:

இடம்: சிறிய வாயில் கொண்ட, சாணத்தால் மெழுகிய, மூட்டைப்பூச்சி, கொசு, சிலந்தி ஆகியவை இல்லாத தூய்மையான அறை.

உணவு: உப்பு, கடுகு, புளிப்பு, காரம் ஆகியவற்றைத் தவிர்த்தல். தொடக்க நிலையில் பாலும் நெய்யும் சிறந்தவை.

மூச்சு: இடநாசி வழியே 16 மாத்திரை உள்ளிழுத்தல் (பூரகம்), 64 மாத்திரை நிறுத்துதல் (கும்பகம்), 32 மாத்திரை வெளிவிடுதல் (இரேசகம்).

வேளை: காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நாளுக்கு நான்கு முறை. மெல்ல மெல்லக் கூட்டி, ஒவ்வொரு முறையும் 80 கும்பகங்கள் வரை செல்லலாம். மூன்று திங்கள் பயின்றால் நாடிகள் தூய்மையடையும் என்பது நூலின் கூற்று.

பயில்வோன் கடக்கும் நிலைகள் ஆரம்பம், கடம், பரிசயம், நிட்பத்தி என நான்காகும். இங்குக் கூறப்படும் 16, 64, 32 என்னும் அளவு திருமூலரின் திருமந்திரத்திலும் மூன்றாம் தந்திரத்தில் காணப்படுகிறது. வடமொழி யோக நூல்களும் தமிழ்ச் சைவ நூலும் ஒரே பயிற்சி மரபை அறிந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

இத்தகைய பயிற்சியை நூலைப் பார்த்துத் தாமே செய்தல் ஆகாது என்பது இம்மரபின் கொள்கை. அத்துவயதாரக உபநிடதம் ஆசிரியரின் இலக்கணத்தை வரையறுக்கிறது: வேதம் அறிந்தவராகவும், திருமாலிடம் பத்தி உடையவராகவும், பொறாமை அற்றவராகவும், யோகத்தை அறிந்து அதில் நிலைத்து நிற்பவராகவும் இருத்தல் வேண்டும். "கு" என்பது இருள், "ரு" என்பது அதை நீக்குதல் எனக் குரு என்னும் சொல்லுக்கு வழங்கும் விளக்கமும் இவ்வுபநிடதத்தில் உள்ளது.

யோகமும் ஞானமும்

யோக உபநிடதங்கள் அத்துவைத உரையாசிரியருக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. அத்துவைதத்தின்படி பிறவித் தளைக்குக் காரணம் அறியாமை. அறியாமை அறிவினால் மட்டுமே நீங்கும். எச்செயலும் வீடுபேற்றை விளைவிக்காது. மூச்சை அடக்குதலும் ஆசனத்தில் இருத்தலும் செயல்களே. ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர உரையில், வேதம் கூறும் ஒருமை ஞானம் இன்றிச் சாங்கிய அறிவாலோ யோக நெறியாலோ வீடு கிட்டாது என மறுத்துள்ளார். வேதத்தோடு முரண்படாத பகுதியை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் யோகத்தைக் கூறும் நூலே உபநிடதம் என்னும் பெயரோடு வரும்போது அதனை மறுக்க இயலாது. ஏனெனில் உபநிடதம் சுருதி ஆகும்.

இதற்குரிய தீர்வு அந்நூல்களிலேயே ஓரளவு உள்ளது. யோகம் இல்லாத ஞானமும் ஞானம் இல்லாத யோகமும் வீடுபேறு தர வல்லவை அல்ல, எனவே இரண்டையும் உறுதியாகப் பயில வேண்டும் என்று யோகதத்துவ உபநிடதம் கூறுகிறது. திரிசிகிபிராமண உபநிடதம் ஒரு படி மேலே சென்று உறுப்புகளுக்கே புதுப் பொருள் தருகிறது. அதன்படி உடல், புலன்களில் பற்றின்மையே இயமம். மெய்ப்பொருளில் இடையறாப் பற்றே நியமம். எல்லாப் பொருள்களிடத்தும் நாட்டமின்மையே ஆசனம். உலகம் பொய் எனத் தெளிதலே பிராணாயாமம்.

உபநிடதப் பிரம்மயோகி இவ்விரு போக்குகளையும் இணைத்தே உரை எழுதுகிறார். பயிற்சிகளை அவர் ஒதுக்கவில்லை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் விளக்குகிறார். எனினும் அவை உள்ளத்தைத் தகுதிப்படுத்தும் வழிகளாகவும், பிரமத்தை அறிதலே முடிவாகவும் அவர் உரையில் அமைகின்றன.

நூல்களின் காலம்

யோக உபநிடதங்கள் பலவும் காலத்தால் பிற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. பிரெஞ்சு ஆய்வாளர் கிறித்தியான் பூய் 1994 இல் வெளியிட்ட நூலில், நாத யோகியரின் அடயோக நூல்களிலிருந்து பெருமளவு பகுதிகள் எடுக்கப்பட்டு இவ்வுபநிடதங்கள் விரிவாக்கப்பட்டன என்றும், தென்னிந்தியாவில் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 108 உபநிடதத் தொகுதி உருவானபோது இது நிகழ்ந்தது என்றும் காட்டினார். யோகதத்துவ உபநிடதத்தின் பல பாடல்கள் அதற்கு முற்பட்ட தத்தாத்திரேய யோக சாத்திரத்தில் காணப்படுகின்றன. அந்த யோக சாத்திரமோ அந்தணர், துறவி, பௌத்தர், சமணர், காபாலிகர், உலகாயதர் என எவராயினும் நம்பிக்கையோடு பயில்பவர் பயன் பெறுவர் என்று கூறுவதாகும்.

இவ்வகையில் பார்த்தால், சமய வேறுபாடின்றி எவரும் பயிலத்தக்கதாயிருந்த ஒரு பயிற்சி, உபநிடதம் என்னும் வடிவில் வேதத்தின் உயர்வைப் பெற்றது. அதே வேளையில், வேதம் ஓதும் உரிமை உடையோருக்கே உரியது என்னும் மரபுவழி வரையறைக்கும் அது உட்பட்டது. உபநிடதப் பிரம்மயோகி உரை எழுதியது இவ்வாறு விரிந்த வடிவத்திற்கே ஆகும்.

பதிப்புகள்

அச்சு நூல்கள் வெளிவந்த பின்னர் அவ்வரையறை நடைமுறையில் தளர்ந்தது. கே. நாராயணசுவாமி ஐயர் 1914 இல் சென்னையில் வெளியிட்ட முப்பது சிற்றுபநிடதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் யோக உபநிடதங்கள் சிலவும் இடம்பெற்றன. 20 யோக உபநிடதங்களையும் உபநிடதப் பிரம்மயோகியின் உரையுடன் அ. மகாதேவ சாத்திரி பதிப்பிக்க, சென்னை அடையாறு நூலகம் 1920 இல் வெளியிட்டது. இவ்வுரையைத் தழுவி தி. ரா. சீனிவாச ஐயங்கார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1938 இல் வெளிவந்தது.

முக்கியத்துவம்

ஐக்கிய நாடுகள் அவை சூன் 21 ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக 2014 இல் அறிவித்தது. இன்று யோகம் என்றவுடன் உலகெங்கும் பலரின் நினைவுக்கு வருவது ஆசனப் பயிற்சியே. உடற்பயிற்சியா, சமய நெறியா என்னும் விவாதத்தில், பழைய யோகம் முழுவதும் தியானமே என்று ஒரு சாராரும், ஆசனமே என்றும் யோகத்தின் உயிர் என்று மறு சாராரும் கூறுவதுண்டு. மூச்சின் மாத்திரைக் கணக்கையும் பிரமத்தின் ஒருமையையும் ஒரே உரையில் விளக்கிய காஞ்சித் துறவியின் நூல்கள், இவ்விரண்டு கூற்றுகளும் முழுமையானவை அல்ல என்பதைக் காட்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

யோக சூத்திரம்
திருமந்திரம்
அத்துவைதம்
முத்திகோபநிடதம்
காஞ்சிபுரம்